ஜாடி கம்பெனித் தண்ணீர்க்காரி

விருத்தாசலம் ரயிலடிக்கு அப்பால், சூளைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் பக்கத்தில், மங்கலம்பேட்டை தாவூத் ராவுத்தரின் பீங்கான் கம்பெனி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஊறுகாய் ஜாடி முதல், ஆசிட் ஊற்றி வைக்கும் ஆளுயர ஜாடி வரை அங்கே செய்தார்கள். அதனால் ஊருக்கு அது ஜாடி கம்பெனி. அதன் மதிலை ஒட்டி ஓடிய தெருவில் வேலைக்காரக் குடும்பங்கள் குடியிருந்தன. அந்தத் தெருவுக்கு ஜாடிக்காரத் தெரு என்று பேர்.

கொளஞ்சியம்மாள் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தது அறுபத்து நான்கில். பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அப்பா பக்கிரி சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டவர். புருஷன் பாவாடை பெரிய ஜாடி வனைகிறவன். துண்டு துண்டாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் ஈரக்கையால் தடவிவிடுவான். அவன் வனைந்த ஜாடியைத் தட்டினால் கோயில் மணிபோலக் கேட்கும் என்று ராவுத்தரே வருகிறவர்களிடம் தட்டிக் காட்டுவார்.

கொளஞ்சியம்மாளும் மறு வருஷமே கம்பெனிக்குப் போய்விட்டாள். முதலில் மண் சுமந்தாள். பிறகு மண்கூழ் கரைக்கும் இடத்தில் நின்றாள். மண்ணைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து, அச்சில் ஊற்றி வார்ப்பார்கள். அந்தப் பாலுக்குத்தான் கூழ் என்று பேர். பார்க்க எளிய வேலை. ஆனால் கூழ் திரிந்துபோனால் அன்றைய ஜாடி முழுக்கப் போச்சு.

அப்படித்தான் ஒரு கோடையில் திரிய ஆரம்பித்தது. காலையில் கரைத்த கூழ் மதியத்துக்குள் களிபோல இறுகியது. எப்படியோ வார்த்து எடுத்த ஜாடிகளிலும் காய்ந்ததும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. சூளையில் வெந்து வந்தால் அந்த இடத்தில் மெருகு கொப்புளித்திருந்தது. மண்ணை மாற்றினார்கள். அச்சை மாற்றினார்கள். சூளைக்காரன் காத்தவராயன் நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ராவுத்தர் திருச்சிப் பக்கத்திலிருந்து சவரிராயன் என்ற கெமிஸ்டைக் கொண்டுவந்தார். ஒல்லியான மனிதர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்தவர் மண்ணைத் தொடவே இல்லை. கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினார். அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கோளாறு தண்ணீரில்.

அதன் பிறகுதான் தொட்டிகள் வந்தன. மணிமுத்தாற்று மணலில் ஊற்றுக்கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, தண்ணீரைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் தொட்டியில் படிகாரம் கலக்குவார்கள். கலங்கல் திரிதிரியாகத் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது மணல் தொட்டி. அடியில் கூழாங்கல், அதன்மேல் சிறு கல், அதன்மேல் பெருமணல், எல்லாவற்றுக்கும் மேலே சலித்த நைஸ் மணல். அதில் இறங்கி வரும் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். மூன்றாவது மருந்துத் தொட்டி. எவ்வளவு தெளிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்பு தண்ணீரில் நின்றுவிடும். கூழைக் கெடுப்பது அதுதான். அதை முறிக்க ஒரு வெள்ளைப் பொடி போட்டுக் கலக்கித் தெளியவிடுவார்கள். அதற்குப் பிறகே தண்ணீர் கூழுக்குப் போகும்.

இந்த மூன்று தொட்டியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது சவரிராயன் கொளஞ்சியம்மாளைக் கேட்டார். காரணத்தையும் அவரே சொன்னார்: கூழ் இடத்தில் நின்றவர்களில் அளவுக் கரண்டியைக் கூட்டியோ குறைத்தோ போடாதவள் அவள் ஒருத்திதான். தொட்டிப் பொறுப்பைக் கொடுத்த அன்று மூன்றாவது தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எலிக்கு வைக்கிற விஷத்தில் சேர்க்கிற அதே பொடிதான் இது. மண்ணுக்கு மருந்து, மனுஷருக்கு விஷம். இந்தத் தொட்டித் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது, கை அலம்பக்கூட வேண்டாம்.

"தாகம் எடுத்து எவனாச்சும் மொண்டுட்டா?" என்று அவள் கேட்டாள்.

"மொள்ளாம நீங்க பாத்துக்கணும். அதுக்குத்தான் ஒங்கள வச்சிருக்கேன்" என்றார் சவரிராயன்.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. மணல் தொட்டியில் தண்ணீர் இறங்குவது மந்தமானால், மேலே பச்சையும் பழுப்புமாகத் தோல்போலப் படிந்திருக்கும் படலத்தைத் தட்டுக்கரண்டியால் வழித்தெடுப்பாள். எடுத்த மணலை அலசி அலசி, அலசிய தண்ணீர் கலங்காமல் ஓடும்வரை விடமாட்டாள். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். ஒரு ஜாடியில் கொப்புளம் இல்லை என்றால் அது தான் செய்த ஜாடி என்பாள். பாவாடை சிரித்துக்கொண்டு, அப்படியானால் நான் எதற்கு, கூலியை நீயே வாங்கிக்கொள் என்பான்.

எழுபதாம் வருஷத்து ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஜாடிக்காரத் தெருவுக்கு ஒரே கிணறு. சுற்றுச்சுவர் தாழ்ந்த பழைய கிணறு அது. தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர், பின்பக்கத்து முள்ளுக்காட்டையும் கழுவிக்கொண்டு வந்து அதில் இறங்கியது. மழை விட்ட மறுநாள் வாந்திபேதி கண்டது. நாலைந்து வீடுகளில் ஆள் படுத்துவிட்டார்கள். காத்தவராயனை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. சூளை வாயில் நாளெல்லாம் நின்று வெந்தும் ஒன்றும் ஆகாத உடம்பு, தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பெண்டாட்டி வீராயியும் படுத்துக் கிடந்த ஒரு மகளுமாக வீடு நின்றது.

சுகாதாரக்காரர்கள் வந்து எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, சேறு இறைக்கும்வரை அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொன்னார்கள். கம்பெனியில் ஒரு டின் பவுடரையும் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு எங்கே போய்க் குடிப்பது என்று தெரு கேட்டதற்குக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார்கள். மழையில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் கிளம்பிய சுகாதாரக்காரர் ஒருவரை நிறுத்தி, கிணற்றுக்குப் போடுகிற பவுடரைக் குடத்துக்குப் போடலாமா, எவ்வளவு போடுவது என்று கேட்டாள். அவரும் நின்று நிதானமாகச் சொன்னார். பவுடரைத் தனியாகக் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் அது வேலை செய்யும்; கலங்கல் தண்ணீரில் கலங்கலே அதைத் தின்றுவிடும். கலந்த பிறகு அரைமணி நேரம் விட வேண்டும். மூக்குக்கு லேசாக வாடை தெரிந்தால் சரி.

அவர் சொன்னதை அவள் மனதில் போட்டுவைத்துக்கொண்டாள். சவரிராயன் ஊரில் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் மருந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது வாசல் கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. தெருப் பெண்கள் குடமும் தவலையுமாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஆண்களும் வந்தார்கள். அவர்களில் பாவாடையும் இருந்தான். முன்னால் வந்தவள் வீராயி. புருஷனை எடுத்த வீட்டில் சாங்கியம்கூட முடியவில்லை. தலை விரிந்தபடி வந்தாள். கேட்டுக்காரனுக்கு அவளைத் தடுக்க மனசு வரவில்லை.

அவள் நேராக மூன்றாவது தொட்டிக்குத்தான் வந்தாள். மூன்றிலும் தெளிவாகத் தெரிந்த தண்ணீர் அதுதான். அடித்தளம் தெரியும், அதில் வானம் தெரியும். கொளஞ்சியம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"இத மொள்ளாதக்கா. இதுல மருந்து இருக்குது."

"என்னா மருந்து?" என்றாள் வீராயி. "மண்ணக் கரைக்கத் தண்ணி இருக்குது, எம் பொண்ணு நாக்க நனைக்கத் தண்ணியில்லியா? வெலகு கொளஞ்சி."

"வெசங்க்கா அது. எலி மருந்துல போடறது."

கூட்டத்தில் யாரோ முதலாளி சொல்லிக்கொடுத்த பாட்டு என்றார்கள். கொளஞ்சியம்மாள் ஓடிப்போய் பொடி இருந்த டப்பாவைக் கொண்டுவந்து, அதன்மேல் போட்டிருந்த மண்டையோட்டுப் படத்தைக் காட்டினாள். கம்பெனியில் பாதி டப்பாவில் அந்தப் படம் இருக்கிறது, கிட்டே வராமலிருக்க ஒட்டுகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். அதுவும் உண்மைதான். அவள் பாவாடையைப் பார்த்தாள். பாவாடை தலையைக் குனிந்துகொண்டான். தெரு முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது தன் பெண்டாட்டி மட்டும் எதிரே நிற்பது அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

வீராயி அவளைத் தள்ளிவிட்டுக் குடத்தைத் தொட்டிக்குள் இறக்கினாள். கொளஞ்சியம்மாள் அந்தக் குடத்தைப் பிடித்துக் கவிழ்த்தாள். இன்னொரு பக்கத்தில் வேறொரு பெண் மொள்ளப் போனாள். எத்தனை குடத்தைப் பிடிப்பது? யோசிக்க நேரமில்லை. அவள் தொட்டியின் அடிப்பக்கத்துக்கு இறங்கி, கழிவு வாய்க்காலுக்குப் போகும் வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். முதலில் இளகவில்லை. பிறகு ஒரே மூச்சில் திறந்துகொண்டது. தொட்டித் தண்ணீர் முழுக்கக் கம்பெனிக்குப் பின்னால் போகும் சாக்கடைக்குள் வெள்ளமாக ஓடியது.

அன்றைய கூழுக்கு வைத்த தண்ணீர் அது. மெட்ராஸ் ஆர்டருக்கு வார்க்கவேண்டிய அச்சுகள் காய்ந்து காத்திருந்தன. வீராயி கையிலிருந்த குடத்தைத் தரையில் அடித்தாள். அது நசுங்கி உருண்டுபோனது.

"அந்தத் தண்ணிய ஓடைக்கு வுட்டியே, எங்களுக்கு வுட மனசு வல்லியா ஒனக்கு?"

கொளஞ்சியம்மாள் வால்வை விட்டு எழுந்தாள். "இன்னொருத்தர எடுத்துக்கினு போவறத என்னால பாக்க முடியாதுக்கா" என்றாள். "தண்ணி தரேன். நல்ல தண்ணி தரேன். வா, இந்தப் பக்கம் வா."

மணல் தொட்டியிலிருந்து மருந்துத் தொட்டிக்குப் போகும் வாய்க்கு அவர்களைக் கூட்டிப்போனாள். அதுவரை வந்த தண்ணீரில் படிகாரமும் மணலும்தான் பட்டிருந்தன, பொடி படவில்லை. சுகாதாரக்காரர் வைத்துப்போன டின்னிலிருந்து பவுடரை எடுத்துக் கரைத்தாள். தெளியவிட்டாள். பாவாடை வனைந்து வைத்திருந்த புது ஆளுயர ஜாடி ஒன்றை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதை மணல் தண்ணீரால் நிரப்பி, தெளிந்த பவுடர்த் தண்ணீரை அளந்து ஊற்றிக் கலக்கினாள். பிறகு எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

அந்த அரைமணி நேரம்தான் அவள் வாழ்நாளில் நீளமான நேரம் என்று பின்னாளில் சொல்வாள். தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தாகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களோடு காத்திருப்பது லேசில்லை. வீராயி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நேரம் ஆனதும் கொளஞ்சியம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். லேசாக வாடை இருந்தது. ஒரு சொம்பு மொண்டு முதலில் தானே குடித்தாள்.

கூட்டம் அசையவில்லை. பாவாடைதான் எழுந்து வந்தான். "எனக்கு ஊத்து" என்றான். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "ம், வையுங்க கொடத்த" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் போன பிறகு வீராயி வந்தாள். நசுங்கிய குடத்தை நிமிர்த்தி வைத்தாள். கொளஞ்சியம்மாள் அதை நிரப்பித் தூக்கிவிட்டாள்.

ராவுத்தரின் கார் வந்தபோது கூழ் இடத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது. தொட்டி வெறுமையாகக் கிடந்ததை எட்டிப் பார்த்தார்.

"யாரக் கேட்டுத் தெறந்த?"

"கேக்க நேரமில்லீங்க மொதலாளி."

"வூட்டுக்குப் போ. கூப்பிட்டு அனுப்பறப்ப வா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. பயம் மட்டும் இருந்தது. வேலை போனதுபோலத்தான் என்று நினைத்தாள். ஆனால் அதைவிட, தான் கலக்கிய தண்ணீரைக் குடித்த யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. வீடு வீடாகப் போய் விசாரித்தாள். வீராயி வீட்டு வாசலில் மட்டும் தயங்கி நின்றாள். உள்ளேயிருந்து படுத்துக் கிடந்த மகள் கஞ்சி கேட்கும் குரல் வந்தது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சவரிராயன் மறுநாள் ரயிலில் வந்து சேர்ந்தார். விஷயம் அவருக்கு ரயிலடியிலேயே தெரிந்துவிட்டது. கம்பெனிக்குப் போகாமல் பெட்டியோடு நேராக ஜாடிக்காரத் தெருவுக்கு வந்தார். தெரு நடுவில் நின்று, மூன்றாவது தொட்டியில் என்ன போடுகிறோம், அதைக் குடித்திருந்தால் குடல் என்ன ஆகும், நெஞ்சு என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தம்மா வால்வைத் திறக்காமல் விட்டிருந்தால் இங்கே இன்னும் பல வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும் என்றார். வீராயி எழுந்து கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போய், அடுப்படியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

ராவுத்தரிடமிருந்து ஆள் வந்தது. கொளஞ்சியம்மாள் போனாள். ஆபீஸ் அறையில் சவரிராயனும் இருந்தார். ராவுத்தருக்குக் கோபம் ஆறியிருந்தது. கெமிஸ்ட் எல்லாம் சொன்னார், நீ செய்தது சரிதான், நாளையிலிருந்து வேலைக்கு வா, மூன்றாவது தொட்டிக்கு மூடியும் பூட்டும் போட்டுவிடலாம் என்றார். வேறு யாராயிருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவள் நின்றாள்.

"வரேன் மொதலாளி. ஆனா ரெண்டாந் தொட்டித் தண்ணி தெருவுக்கு வரணும்."

ராவுத்தர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, வியாபாரி. ஒருநாள் கொடுத்தால் தினம் கேட்பார்கள், தண்ணீர் போதாமல் கூழ் நின்றால் கூலியும் நிற்கும், கம்பெனி வைத்த தண்ணீர் கம்பெனிக்கு என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார்.

"மணலு ஒங்களுது, மோட்டாரு ஒங்களுது, தொட்டி ஒங்களுது. தண்ணி ஆத்துதுங்க மொதலாளி" என்றாள் கொளஞ்சியம்மாள். "சூளைக்காரரு போனதுல சூளை எத்தினி நாளு அணைஞ்சி கெடந்துச்சின்னு பாருங்க. ஆளு நல்லாயிருந்தாத்தான் ஜாடி நல்லாயிருக்கும்."

அவர் சவரிராயனைப் பார்த்தார். மோட்டாரைக் காலையில் முன்கூட்டிப் போட்டால் தெருவுக்கு வேண்டியது கிடைக்கும், மணல் தொட்டி தாங்கும் என்றார் சவரிராயன். ராவுத்தர் ஜன்னல் வழியே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூழுக்கு ஒரு குடம் குறைந்தாலும் உன்னைத்தான் கேட்பேன் என்றார்.

"கேளுங்க. ஆனா எனக்கு ஒத்தாசைக்கு ஆளு வேணும். வீராயிக்காவப் போடுங்க."

ராவுத்தர் சிரித்துவிட்டார். உன்னைத் தள்ளிவிட்டவளையா என்று கேட்டார். அவள்தான் இனிமேல் ஒருத்தரையும் தப்பான தொட்டிக்குக் கிட்டே விடமாட்டாள் என்றாள் கொளஞ்சியம்மாள்.

தண்ணீரைத் தெருவுக்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கு வழி பாவாடையிடமிருந்து வந்தது. ஆசிட் ஜாடிக்கு அடியில் ஓட்டை வைத்துப் பீங்கான் குழாய் பொருத்துவது அவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. அப்படிப்பட்ட ஜாடிகளை மதிலுக்கு உள்பக்கம் வரிசையாக நிறுத்தி, குழாய் மட்டும் மதிலைத் துளைத்துத் தெருப்பக்கம் வரட்டும் என்றான். ஆள் உள்ளே வர வேண்டியதில்லை. ஜாடிக்குள் கை போடவும் முடியாது. சவரிராயனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பாவாடை அந்த ஜாடிகளை வேலை நேரம் போக மீதி நேரத்தில் வனைந்தான். உள்ளேயும் வெளியேயும் ஒரு கொப்புளம் இல்லாமல் மெருகு ஏறி வந்தன. பழுப்பு நிறத்தில், வயிறு புடைத்து, மதிலுக்கு உள்ளே அவை நின்ற அழகைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

குழாய் திறந்த பிறகும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிறது என்றார்கள். காப்பி ருசி போய்விட்டது என்றார்கள். பவுடர் தண்ணீர் குடித்தால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பெரியவர் கிளப்பிவிட்டார். அந்த வருஷமே அவருடைய மருமகள் இரட்டைப் பிள்ளை பெற்றாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. கொளஞ்சியம்மாள் சவரிராயனிடம் போய், மூக்கை நம்பாமல் பார்க்க வழி உண்டா என்று கேட்டாள். அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலும் சொட்டு மருந்தும் கொடுத்தார். குழலில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினால் மஞ்சளாகும். எலுமிச்சம்பழ நிறத்தின் சாயல் லேசாக வந்தால் போதும். நிறமே வராவிட்டால் தண்ணீரில் காவல் இல்லை. ஆரஞ்சாகப் போனால் பவுடர் அதிகம். தினம் காலையில் கடைசி ஜாடிக் குழாயில் பிடித்துத் தெருவிலேயே எல்லார் கண் முன்னாலும் அதைப் பார்ப்பாள். மஞ்சள் வந்த பிறகே குடம் வைக்க விடுவாள். அவசரக்காரர்கள் முணுமுணுத்தாலும் வீராயி ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதன் பிறகு அந்தத் தெருவில் வாந்திபேதி வரவே இல்லை. கோடையில் மற்ற தெருப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். ஒருநாள் ராவுத்தரைப் பார்க்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் மதிலில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களைக் காட்டி என்ன என்று கேட்டார். ஜாடியின் தரத்தை நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம் என்று ராவுத்தர் பெருமையாகச் சொல்லி, தொட்டிப் பக்கம் பார்த்துக் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டார். அவளைக் கண்டால் அவர் எழுந்து நிற்க மாட்டார்தான். ஆனால் அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார்.

எழுபத்தேழில் பெரிய புயல் மழை. வெள்ளாறு கரையைத் தாண்டி கருவேப்பிலங்குறிச்சியின் கிணறுகளை முழுக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்ததும் அங்கேயிருந்து ஆள் வந்தது. ஊரில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, கொளஞ்சி வந்து பார்த்தால் தேவலை என்று பஞ்சாயத்தில் பேசிக்கொண்டார்களாம். அவள் சவரிராயனிடமும் ராவுத்தரிடமும் சொல்லிக்கொண்டு, பவுடர் டின்னும் கண்ணாடிக் குழலுமாக பஸ் ஏறினாள்.

ஊரில் அவளைச் சின்னப் பெண்ணாகப் பார்த்த ஆண்களெல்லாம் குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் முழுக்க இறைக்கச் சொன்னாள். ஏற்றம் போட்டும் இன்ஜின் வைத்தும் இறைத்தார்கள். சேற்றை வழித்தார்கள். ஊற்று ஏறியதும் பவுடரைக் கரைத்துத் தெளிந்ததை ஊற்றினாள். பிறகு ஒரு மண்பானையின் பக்கத்தில் துளை போட்டு, பெருமணலையும் பவுடரையும் கலந்து உள்ளே நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கித் தொங்கவிட்டாள். பவுடர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கும். தீர்ந்ததும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, யார் மாற்றுவது என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்தாள். மறுநாள் குழலில் மஞ்சள் பார்த்த பிறகே வாளியை இறக்கவிட்டாள்.

முதல் வாளியை இழுத்தவர் பக்கிரி. வயதாகித் தோள் இறங்கியிருந்தாலும் அவர் யாரையும் இழுக்கவிடவில்லை. ஒரு சொம்பு குடித்தார். "ஆசுபத்திரி வாட வருது" என்றார். இன்னொரு சொம்பும் குடித்தார்.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். டின்னைத் தானே தூக்கிக்கொண்டார். மகளிடம் நேராகப் பாராட்டிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பஸ் வந்ததும் கண்டக்டரிடம் டின்னைக் கொடுத்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"எம் பொண்ணு. விருத்தாசலத்துல தண்ணிக்கு இவதான் பொறுப்பு. முன்னாடி சீட்டாப் பாத்துக் குடுங்க."

"ஒரு தெருவுக்குத்தாம்ப்பா" என்றாள் அவள்.

"ஏறு, ஏறு" என்றார் பக்கிரி.

கண்டக்டர் முன்சீட்டில் இருந்த பையனை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். கொளஞ்சியம்மாள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.